எரிந்த நூல்களின் பிரதிகளைத் தேடுவோம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் முடிகிற நாட்களில் தங்கள் பத்திரிகை உட்பட நம் பத்திரிகைகள் பலவும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை நினைவுகூர்ந்து கட்டுரைகளும் கவிதைகளும் வெளியிடுகின்றன. அவை வெளிவரத்தான் வேண்டும். அந்த இரவைப் பற்றி எதுவும் அறியாத ஒரு தலைமுறை இப்போது நம்மிடையே வளர்ந்து நிற்கிறது. ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நாம் அழிவையே எழுதிக்கொண்டிருக்கிறோம். அழிந்தவற்றுள் எவற்றை இன்னும் மீட்கலாம், எங்கே தேடலாம், யாரிடம் கேட்கலாம் என்ற கேள்விகளைப் போதிய அளவு எழுப்பவில்லை என்பது என் எண்ணம். அந்தக் கேள்விகளை எழுப்பி, ஓரளவுக்கேனும் விடை கண்ட ஒரு நகரத்தைப் பற்றித் தங்கள் வாசகர்களுக்குச் சொல்வதற்காகவும், அதையொட்டி ஒரு வேண்டுகோளை முன்வைப்பதற்காகவும் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

பொஸ்னியாவின் தலைநகரான சரயேவோ, 1992 ஏப்ரல் தொடங்கி ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் முற்றுகைக்குள் கிடந்தது. நகரைச் சூழ்ந்த மலைகளில் பீரங்கிகளோடு நிலைகொண்டிருந்த பொஸ்னிய சேர்பியப் படைகள், அந்த ஆண்டு மே 17ஆம் திகதி அங்கிருந்த கீழைத்தேய ஆய்வு நிறுவனத்தின் மீது எரிகுண்டுகளை வீசின. அரபு, பாரசீகம், துருக்கி ஆகிய மொழிகளிலும், அரபு எழுத்தில் எழுதப்பட்ட பொஸ்னிய மொழியிலும் அமைந்த 5,263 கையெழுத்துத் தொகுதிகள் அங்கே இருந்தன. அவற்றோடு ஒஸ்மானிய ஆட்சிக்காலத்து ஆவணங்களும் காணிப் பதிவேடுகளும் இருந்தன. ஏறக்குறைய அனைத்தும் எரிந்துபோயின. மூன்று மாதங்கள் கழித்து, ஓகஸ்ட் 25ஆம் திகதி இரவு, தேசிய நூலகம் தாக்கப்பட்டது. 1896இல் நகர மண்டபமாகக் கட்டப்பட்டு, இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நூலகமாக மாறிய கட்டடம் அது. வியெச்னிட்சா என்று ஊரார் அழைக்கும் அந்தக் கட்டடம் மில்யாட்ஸ்கா ஆற்றின் கரையிலேயே நிற்கிறது. ஆனால் அன்றிரவு தீயணைப்புக் குழாய்களில் போதிய தண்ணீர் இல்லை. தீயை அணைக்க வந்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அதற்கிடையிலும் நூலக ஊழியர்களும் அயலவர்களும் வரிசையாக நின்று, கைக்குக் கை மாற்றி, எடுக்க முடிந்த நூல்களை வெளியே கொண்டுவந்தார்கள். 15 இலட்சத்துக்கு மேற்பட்ட நூல்கள் இருந்த இடத்தில் காப்பாற்றப்பட்டது ஒரு சிறு பங்கு மட்டுமே. எரிந்தவற்றுள் 155,000 அரிய நூல்களும் கையெழுத்துப் பிரதிகளும் இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அயிடா புத்துரோவிச் என்ற இளம் நூலகர் அந்த நாட்களிலேயே கொல்லப்பட்டார்.

அப்போது அந்த நகரின் தேசிய அருங்காட்சியகத்தில் நூலகராக இருந்த கெமால் பகார்சிச், நகரெங்கும் கருகிய தாள்கள் காற்றில் மிதந்து வந்து விழுந்ததைப் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். அப்படி விழும் ஒரு தாளை உள்ளங்கையில் ஏந்தினால் முதலில் அதன் சூடு தெரியும். கரிய தாளில் சாம்பல் நிறத்தில் எழுத்துகள் ஒரு கணம் துலங்கி நிற்கும். ஒரு வரியைப் படித்துவிடக்கூடிய நேரம் அது. பிறகு சூடு தணிய, தாள் கையிலேயே பொடியாகிவிடும். 1981 ஜூன் 1ஆம் திகதி காலையில் யாழ்ப்பாண நகரில் நின்றவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையில்லை.

சரயேவோவைப் பற்றி நான் எழுத விரும்பியது இதற்குப் பின்னர் நடந்த ஒன்றைத்தான். போர் நடந்துகொண்டிருக்கும்போதே, அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் நூலகராகப் பணியாற்றிய ஆந்திராஷ் ரீட்ல்மையரும் அவருடைய நண்பர்களான ஆய்வாளர்கள் சிலரும் ஒரு எளிய உண்மையைப் பற்றிக்கொண்டார்கள். எரிந்துபோன ஒவ்வொரு சுவடியையும் யாரோ ஒருவர் எப்போதோ படித்திருக்கிறார். கீழைத்தேய நிறுவனத்துக்கு உலகின் பல நாடுகளிலிருந்தும் ஆய்வாளர்கள் வந்துபோயிருந்தார்கள். ஆய்வேட்டுக்காகப் புகைப்படப் பிரதி எடுத்திருப்பார்கள், நுண்படச் சுருள்களை வாங்கிச் சென்றிருப்பார்கள், கையாலேனும் பக்கம் பக்கமாகப் பார்த்து எழுதியிருப்பார்கள். அந்தப் பிரதிகளெல்லாம் இப்போது எங்கேயோ அலுமாரிகளில் கிடக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்களுக்கே தம்மிடம் இருப்பது இனி உலகில் எஞ்சியிருக்கும் ஒரே பிரதி என்பது தெரியாது. ஆகவே ரீட்ல்மையரும் நண்பர்களும் அறிவித்தல் விடுத்தார்கள், கடிதம் எழுதினார்கள், சரயேவோ நிறுவனத்தில் ஆய்வு செய்தவர்கள் யார் யார் என்று தேடினார்கள். பல நாடுகளிலிருந்து பிரதிகள் வரத் தொடங்கின. எரிந்தவை எல்லாம் திரும்பி வந்துவிட்டன என்று நான் சொல்ல வரவில்லை. வந்தது ஒரு பகுதியே. ஆனால் அந்த முயற்சி நடக்காமல் போயிருந்தால் அந்தப் பகுதியும், அதை வைத்திருந்தவர்களின் ஆயுளோடு முடிந்திருக்கும்.

இப்போது நம்முடைய நூலகத்துக்கு வருகிறேன். க. மு. செல்லப்பா என்ற தனிமனிதர் 1933இல் தம் வீட்டிலேயே தொடங்கிய வாசிகசாலையிலிருந்து வளர்ந்தது அது. வண. லோங் அடிகளார் போன்றவர்களின் உழைப்பும், நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதனின் ஆலோசனையும், சென்னைக் கட்டடக் கலைஞர் வி. எம். நரசிம்மனின் வரைபடமும் சேர்ந்து, 1959 ஒக்டோபரில் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. போர் முழுமையாக மூள்வதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பாக, 1981 மே 31ஆம் திகதி நள்ளிரவு கடந்து, பொலிஸாரும் அவர்களோடு சேர்ந்த கும்பலும் அதைக் கொளுத்தின. அதே வன்செயலில் 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகமும் பூபாலசிங்கம் புத்தகசாலையும் எரிக்கப்பட்டன. நூலகம் எரிவதைக் கண்ட பன்மொழி அறிஞர் வண. தாவீது அடிகளார் அந்த அதிர்ச்சியிலேயே உயிர்விட்டார்.

97,000 நூல்கள் என்ற எண் நம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அந்த 97,000இல் எந்தெந்த நூல்கள் இருந்தன என்று ஒருவர் கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? ஓலைச் சுவடிகள் இருந்தன, ஆனந்த குமாரசுவாமியின் சேகரிப்பு இருந்தது, பழைய பத்திரிகைத் தொகுதிகள் இருந்தன என்று நாலைந்து பெயர்களையே திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். இழந்தவற்றின் பெயரும் நமக்குத் தெரியாமற் போவது, எரித்தவர்கள் செய்ததற்கு மேல் நாமாகச் சேர்த்துக்கொள்கிற இழப்பு. எரித்தவர்களின் பெயர்களை நாம் அறிந்திருக்கும் அளவுக்கு, எரிந்த நூல்களின் பெயர்களை அறிந்திருக்கவில்லை.

அச்சு நூல்களைப் பொறுத்தவரை நிலைமை நாம் நினைக்கும் அளவுக்கு மோசமில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இலங்கையில் அச்சாகும் நூல்களின் பிரதியை அரசிடம் கையளிக்க வேண்டும் என்ற சட்டம் 1885இலேயே வந்துவிட்டது. அதன்படி கொழும்பு அருங்காட்சியக நூலகத்துக்குப் பல நூல்கள் போய்ச் சேர்ந்திருக்கின்றன. இலண்டனிலும் பிரதிகள் உண்டு. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய தமிழ் அச்சு நூல்களின் பெருந்தொகுதி இருக்கிறது. 2005 முதல் நம்மவர்களே தொடங்கி நடத்திவரும் 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எவரும் வீட்டிலிருந்தபடியே படிக்க முடிகிறது. பொறுமையோடு தேடினால், எரிந்த அச்சு நூல்களில் பெரும்பாலானவற்றின் இன்னொரு பிரதியைக் கண்டுபிடித்துவிடலாம் என்றே நம்புகிறேன்.

என் கவலை கையால் எழுதப்பட்டவற்றைப் பற்றியது. ஏட்டுச் சுவடி, வைத்தியக் கொப்பி, கூத்துப் பிரதி, கோயில் கணக்கு, ஊர்ப் பெரியவர் ஒருவரின் நாட்குறிப்பு ஆகியவற்றுக்கு இரண்டாவது பிரதி இருந்தால் அது யாரோ ஒருவர் பார்த்து எழுதியதாகவே இருக்கும். 1959க்கும் 1981க்கும் இடையில் அந்த வாசிப்பு மண்டபத்தில் அமர்ந்து குறிப்பெடுத்த மாணவர்களும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் ஏராளம். அவர்களில் மிக இளையவர்களுக்கும் இன்று அறுபது வயதைக் கடந்துவிட்டது. பலர் காலமாகிவிட்டார்கள். அவர்களுடைய கொப்பிகள் பிள்ளைகளின் வீடுகளில், கொழும்பிலோ ரொறன்ரோவிலோ இலண்டனிலோ, றங்குப்பெட்டிகளின் அடியில் கிடக்கக்கூடும். தகப்பனார் இறந்த ஆண்டுத் திவசம் முடிந்ததும் அறையை ஒதுக்கும்போது, அந்தக் கொப்பிகள் பழைய பேப்பர் வாங்குபவரின் தராசுக்குப் போய்விடுகின்றன. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. அவற்றின் மதிப்பு என்னவென்று அந்தப் பிள்ளைகளுக்கு எவரும் சொன்னதில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரை உள்ளடக்கிய வலிகாமம் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்தபோது நாம் எதை எடுத்துக்கொண்டு போனோம் என்பதை அந்த வழியால் நடந்த எவரும் சொல்வார்கள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், நகை, ஒரு நேரச் சமையலுக்கு அரிசி, குழந்தைக்குப் பால்மா. பரணில் இருந்த ஏட்டுக் கட்டை எடுப்பதற்கு நேரமும் இல்லை, கையும் இல்லை. அதற்காக எவரையும் குறைசொல்ல முடியாது. ஷெல் விழத் தொடங்கிய பிறகு மரபுச் செல்வத்தைக் காப்பாற்றுவது மிக அரிதாகவே கைகூடும் காரியம் என்பதையே இது காட்டுகிறது.

அரிதாகக் கைகூடியதும் உண்டு. அதே சரயேவோவில், 1537இல் நிறுவப்பட்ட காசி ஹுஸ்ரெவ் பேக் நூலகத்தின் கையெழுத்துச் சுவடிகளை அதன் பணிப்பாளர் முஸ்தஃபா யாஹிச் காப்பாற்றினார். அவரோடு நின்றவர்களில் ஒருவர் நூலகத்தைத் துப்புரவு செய்யும் பெண்மணி. இன்னொருவர் கொங்கோ நாட்டிலிருந்து வந்து அங்கே இரவுக் காவலாளியாக இருந்தவர். வாழைப்பழம் ஏற்றும் அட்டைப் பெட்டிகளில் சுவடிகளை அடுக்கி, சூடு நடக்கும் தெருக்களைக் கடந்து, முற்றுகைக் காலம் முழுவதும் இடம் மாற்றி இடம் மாற்றி ஒளித்து வைத்தார்கள். மாலியின் திம்புக்துவில் 2012ஆம் ஆண்டு ஆயுதக் குழுக்கள் நகரைக் கைப்பற்றியபோது, அப்துல் காதர் ஹைதாராவும் சுவடிகளை வழிவழியாக வைத்திருந்த குடும்பங்களும் அவற்றைத் தகரப் பெட்டிகளில் பூட்டி, வண்டியிலும் படகிலுமாகத் தலைநகர் பமாக்கோவுக்குக் கடத்தினார்கள். காபூல் அருங்காட்சியக ஊழியர்கள், பழைய பக்திரிய நாட்டுப் பொற்பொருட்களை 1980களின் இறுதியில் மத்திய வங்கியின் நிலவறையில் வைத்துவிட்டு, எத்தனை ஆட்சிகள் மாறியும் பதினைந்து ஆண்டுகளுக்கு அருகில் வாய்திறக்காமல் இருந்தார்கள். இவர்களை நினைக்கும்போது என் நெஞ்சு நிறைகிறது. ஆனாலும் ஒரு சமூகத்தின் நினைவு முழுவதும் இத்தகைய ஒருசிலரின் துணிவை மட்டுமே நம்பியிருக்கும் நிலையை நாம் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

போருக்கு முன்பே பிரதி எடுத்து வேறிடத்தில் வைத்தவர்களின் உழைப்பு பலன் தராமல் போனதில்லை. இரண்டாம் உலகப் போரில் போலந்தின் வார்சோ நகரத்தை ஜேர்மனியப் படைகள் திட்டமிட்டுத் தரைமட்டமாக்கின. ஆனால் அதன் பழைய கட்டடங்களை அங்கிருந்த தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை ஆசிரியர்களும் மாணவர்களும் அளந்து வரைந்து வைத்திருந்தார்கள். அந்த வரைபடங்களை நகருக்கு வெளியே பியோத்ர்கோவ் ஊரில் ஒரு துறவியர் மடத்தில் ஒளித்தார்கள். இன்று உலக மரபுச் சின்னமாக நிற்கும் வார்சோ பழைய நகரம் எழுந்ததில் அந்த வரைபடங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. காசாவின் பெரிய உமரி பள்ளிவாசல் 2023 டிசெம்பரில் குண்டுவீச்சில் இடிந்தபோது, அதன் நூலகத்துச் சுவடிகள் சில ஆண்டுகளுக்கு முன்னரே படமெடுக்கப்பட்டு வெளிநாட்டு நிறுவனங்களிலும் சேமிக்கப்பட்டிருந்தன. உக்ரேனில் தத்துவஞானி ஸ்கோவொரோடாவின் அருங்காட்சியகம் 2022 மே மாதம் எரிந்தது. முக்கியமான பொருட்களை அதற்கு முன்பே அப்புறப்படுத்தியிருந்தார்கள். அதே நாட்டில், படமெடுத்து கணினியில் ஏற்றிவிட்டால் போதும் என்று இருந்த நிறுவனங்கள் ஒரு புதிய ஆபத்தைக் கண்டன. சேமிப்புக் கணினியும் அதே நகரத்தில், அதே குண்டுவீச்சுக்குள் இருந்தால் அந்தப் படமும் நூலோடு சேர்ந்தே போய்விடும். 2022 மார்ச் மாதம் தொடங்கி, பல நாட்டுத் தன்னார்வலர்கள் ஒன்றுசேர்ந்து 5,000க்கு மேற்பட்ட உக்ரேனியப் பண்பாட்டு இணையத்தளங்களைப் பிற நாடுகளில் பிரதி எடுத்து வைத்தார்கள். ஆகவே ஒரு பிரதியாவது இந்த ஊருக்கு வெளியே, முடிந்தால் இந்த நாட்டுக்கு வெளியே இருந்தாக வேண்டும்.

சட்டம் இதைக் கவனிக்காமல் விடவில்லை. 1954ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின் மூன்றாவது உறுப்புரை, பண்பாட்டுச் சொத்துகளைக் காப்பதற்கான ஏற்பாடுகளைச் சமாதான காலத்திலேயே செய்து வைக்க வேண்டிய கடமையை ஒவ்வோர் அரசின் மீதும் சுமத்துகிறது. இலங்கையும் 2004இல் அதில் இணைந்திருக்கிறது. ஆனால் அந்த உறுப்புரையை நினைவூட்டிக் குரல்கொடுப்பவர்கள் அரிது. எல்லோரும் தண்டனையைப் பற்றியே பேசுகிறோம். தண்டனையும் வேண்டியதுதான். திம்புக்துவின் சமாதிகளை இடித்ததற்காக அஹ்மத் அல் மஹ்தி என்பவருக்குச் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் 2016இல் ஒன்பது ஆண்டுச் சிறை விதித்தது. குரோவேசியாவின் துப்ரோவ்னிக் பழைய நகரத்தின் மீது ஷெல் அடித்ததற்காக இரண்டு தளபதிகள் தண்டிக்கப்பட்டார்கள். யாழ்ப்பாண நூலகத்தை எரித்ததற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. இந்த அநீதியை நாம் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அந்த நீதி கிடைக்கும் வரை கொப்பிகள் காத்திருக்கமாட்டா.

ஆயிரக்கணக்கில் மக்கள் கொல்லப்பட்ட மண்ணில், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் இன்னும் தெருவோரத்தில் அமர்ந்திருக்கும் வேளையில், நூலையும் ஏட்டையும் பற்றிப் பேசுவது தகுமா என்று சிலர் கேட்கலாம். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். குண்டு விழும் நேரத்தில் ஒரு சுவடிக்காக எவரும் உயிரைக் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். அப்படிக் கொடுக்கும் நிலை வராமல் இருப்பதற்காகவே இதைச் சமாதான காலத்து வேலையாகச் செய்ய வேண்டும் என்கிறேன். இறந்தவர்கள் யார், எந்த ஊரார், என்ன பாடினார்கள், எதை நம்பினார்கள் என்பதைச் சொல்லப்போவதும் இந்தக் கொப்பிகளும் பதிவேடுகளும்தாம் என்பதையும் அந்த நண்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

என் வேண்டுகோள் இதுதான். தங்கள் வாரப் பதிப்பில் தொடர்ந்து சில மாதங்களுக்கு ஒரு சிறு இடத்தை ஒதுக்கி, யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 1981க்கு முன்னர் படித்தவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் ஓர் அறிவித்தல் வெளியிடுங்கள். அங்கிருந்த எந்த நூலிலிருந்தோ ஏட்டிலிருந்தோ பார்த்து எழுதிய குறிப்பு, எடுத்த புகைப்படப் பிரதி, அந்த நூலைச் சான்றாகக் காட்டிய ஆய்வேடு ஆகியவற்றை வைத்திருப்பவர்கள் தெரிவிக்கட்டும். தீ வைக்கப்பட்ட அன்று இரவலாக எடுத்துச் சென்ற நூல் சிலரிடம் இருந்திருக்கும். நூலக முத்திரையோடு அது இன்னும் அவர்களிடம் இருந்தால், திருப்பிக் கொடுக்கவில்லையே என்ற கூச்சத்தை விட்டுவிட்டு அதையும் சொல்லட்டும். மூலப் பொருளை எவரும் கையளிக்க வேண்டியதில்லை. நூலின் பெயர், ஆசிரியர் பெயர், குறிப்பெடுத்த ஆண்டு, இப்போது யாரிடம் இருக்கிறது என்ற நான்கு விபரங்கள் முதலில் வந்தால் போதும். அவற்றை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகமும் பொது நூலகமும் 'நூலகம்' நிறுவனத்தாரும் சேர்ந்து ஒரு பட்டியலாக்கலாம். பிரதி எடுக்கும் வேலையை அந்தப் பட்டியலைக் கொண்டு ஊர் ஊராகத் தொடங்கலாம்.

எரிந்துபோன 'ஈழநாடு' இதழ்களின் கத்தரித்த துண்டுகளையும் கட்டுகளையும் வைத்திருப்பவர்களையும் அந்த அறிவித்தலில் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் அலுவலகத்தில் இருக்கும் பழைய இதழ்த் தொகுதிகளுக்கு வேறொரு நகரத்தில் முழுமையான பிரதி இருக்கிறதா என்பதையும் தாங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். அறிவித்தல் வெளியாகுமானால், வருகின்ற கடிதங்களைப் பிரித்துப் பட்டியலிடும் வேலையில் ஊதியம் எதுவுமின்றி உதவுவதற்கு நானும், ஓய்வுபெற்ற நூலகர்களான என் நண்பர்கள் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.